உமரிச் செடியின் சாறு

"என் கையிலதான் ஏதோ கோளாறு, மேடம். எங்கே தப்பு பண்றேன்னு நீங்கதான் சொல்லணும்."

சவரிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் தூத்துக்குடியில் வேதியியல் வாத்தியாராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். அவருடைய வழிகாட்டி, பேராசிரியர் இசைவாணிக்கு முப்பத்தொன்பது.

"என்ன ஆச்சு, சார்?"

"உமரிச் சாறு. கொதிக்க வச்ச பிறகும் வேலை செய்யுது."

இசைவாணி பேனாவைக் கீழே வைத்தார்.

உப்பள ஓரத்தில் வளரும் உமரிச் செடியில் ஒரு நொதி இருக்கிறது, அதுதான் செடியை உப்பிலிருந்து காப்பாற்றுகிறது என்று எட்டு வருடத்துக்கு முன் எழுதியவர் அவர். அந்தக் கட்டுரையால்தான் ஆய்வகத்துக்கே பெயர். சாறு விட்டால் ஊதாக் கரைசல் வெளுக்கும். அதுதான் சான்று. ஆனால் கொதித்தால் நொதி செத்துவிடும். செத்த சாறு எதையும் வெளுக்கக் கூடாது.

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"பதினாலு."

முதல் தடவை, சோதனைக் குழாயை மாற்றி எடுத்துவிட்டோம் என்று சவரிமுத்து நினைத்தார். ஏழாவது தடவைக்குப் பிறகு, பார்வையில்தான் கோளாறு என்று மூக்குக்கண்ணாடியைக்கூட மாற்றிவிட்டார்.

"பதினாலும்?"

"வெளுத்துருச்சு, மேடம்."



சவரிமுத்து குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் நம்ம ஆய்வகத்தைப் பாக்க மதிப்பீட்டுக் குழு வருது. இந்த ஒரு பக்கத்தை விட்டுட்டு மத்ததைக் காட்டிடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க பேரு..."

இசைவாணி எழுந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

தானே இலை கிள்ளினார். பீங்கான் உரலைப் பனிக்கட்டிமேல் வைத்து அரைத்தார். சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தார்.

தன் கைதான் தப்பாக இருக்க வேண்டும் என்று சவரிமுத்து மனசுக்குள் வேண்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு குழாயும் வெளுத்தன.

"அந்தக் கட்டுரை எழுதினப்ப நான் கொதிக்க வச்சுப் பாக்கவே இல்ல, சார்."

அவருடைய நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தின் அடியில் எழுதினார்: 'நானும் செய்து பார்த்தேன். வெளுத்தது.' தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"இந்தப் பக்கத்தை எங்கே வைக்கிறது, மேடம்?"

"முதல்ல."

குழு வந்த அன்று இசைவாணி அதைத்தான் முதலில் காட்டினார்.

"என் கட்டுரை தப்பு. உமரியைக் காப்பாத்துறது நொதி இல்ல. கொதிக்க வச்சாலும் சாகாத வேற ஏதோ ஒரு பொருள். இனிமே அதைத் தேடப் போறோம். கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கும் எழுதிட்டேன்."

கடைசி வரிசையில் சவரிமுத்து தலை குனிந்துகொண்டார்.

குழுத் தலைவர் பெருமூச்சு விட்டார். "எட்டு வருஷமா இந்த ஆய்வகம்னாலே அந்தக் கட்டுரைதானேம்மா. இனிமே பெருமையாச் சொல்லிக்க உங்ககிட்ட என்ன இருக்கு?"

இசைவாணி கடைசி வரிசையைப் பார்த்தார்.

"எழுந்து நில்லுங்க, சார்."