உள்ளான் முன்பக்கமாக ஊதிய கதை

அந்தக் காலத்தில் பூமியைச் சுற்றிவரும் விண்கலங்களுக்கெல்லாம் வாய் இருந்தது. ஒன்றையொன்று கேலி பேசிக்கொண்டே சுற்றின. ஆனால் அவற்றுக்குள் ஒரு கட்டுப்பாடு: எஞ்சின் நெருப்பைப் பின்பக்கமாகத்தான் ஊத வேண்டும். போகிற திசையில் ஊதுவது அபசகுனம்.

உள்ளான் என்ற சின்னக் கலம், ஆலா என்ற அக்காவுக்குப் பின்னால் அதே பாதையில் சுற்றிவந்தான். ஒருநாள் ஆலாவின் எரிபொருள் தீர்ந்துபோயிற்று. அந்த உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அது உரச உரச, அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினாள். அடர்ந்த காற்றைத் தொட்டுவிட்டால் எரிந்து சாம்பல்தான்.

"இரு அக்கா, வந்து மேலே தள்ளிவிடுறேன்" என்று உள்ளான் பின்பக்கமாகப் பலமாக ஊதினான். எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தான். ஆனால் அவன் பாதை மேலே ஏறியது. மேலே வட்டம் பெரிது, நடையோ மந்தம். ஆலா இன்னும் தூரமானாள். பதறிப்போய் மறுபடி ஊதினான். இன்னும் பின்தங்கினான்.

உயரத்தில் சுற்றும் வல்லூறு என்ற கலம் சிரித்தான். "ஏண்டா, அக்காவைப் பிடிக்கப் போறியா, என்னைப் பார்க்க வர்றியா?"

உள்ளான் ஆலாவையே கவனித்தான். அவளிடம் ஒரு சொட்டு எரிபொருள் இல்லை. ஆனாலும் இறங்க இறங்க, முன்னைவிட வேகமாக ஓடினாள்.

அவன் உடம்பைத் திருப்பி, எஞ்சினைப் போகிற திசைக்குக் காட்டினான்.

"டேய், முன்பக்கம் ஊதாதே. நின்னுபோயிடுவே" என்றான் வல்லூறு.

"நிக்கிறேனா, பாருங்கண்ணே."

ஊதினான். வேகம் குறைந்தது. பூமி அவனைக் கீழே இழுத்தது. இறங்க இறங்க ஓட்டம் பிடித்தது. ஆலாவுக்கும் கீழே, சூரியத் தகடுகள் காற்றில் நடுங்க, சின்ன வட்டத்தில் பாய்ந்தான். அவளை நெருங்கியதும் திரும்பிக்கொண்டு, பின்பக்கம் ஊதி மேலே எழும்பினான். டக்கென்று கொக்கி மாட்டிக்கொண்டது.

"எங்கேடா போயிட்டே? உடம்பெல்லாம் சுடுது எனக்கு" என்றாள் ஆலா.

"வழி தெரியாம மாடிக்குப் போயிட்டேன் அக்கா. கெட்டியாப் பிடிச்சுக்கோ."

மிச்சமிருந்த எரிபொருளை ஊதி, இருவரும் ஒன்றாக உயர்ந்தார்கள். வானம் முழுக்கக் கலங்கள் விளக்கைச் சிமிட்டி ஆரவாரித்தன. வல்லூறுதான் முதலில் சிமிட்டினான்.

அன்று முதல்தான், தன் பாதையில் முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க நினைக்கும் எந்தக் கலமும், முதல் வேலையாக முன்பக்கம் ஊதித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.