பூட்டுப் படிகமும் கரடியாரின் ஒழுங்கும்

மலைச்சரிவில் ஒரு காட்டில், பூட்டுப் போட்ட குகை ஒன்று இருந்தது. பூட்டு இரும்பால் ஆனதல்ல, குழந்தைகளே. அது ஒரு படிகம்.

அதை உப்புக் கரைசலில் பார்த்துப் பார்த்து வளர்த்தது தேவாங்கு. படிகத்துக்குள் கெட்டியான சுவர்களோடு எண்ணற்ற குட்டி அறைகள். அறைக்கு ஒரு மெல்லிய மூலக்கூறு. அதன் தலையில் ஒருவகை மின்சாரம், வாலில் அதற்கு எதிரான மின்சாரம்.

கீரி ஒரு குங்கிலியப் பிசின் கட்டியைத் தன் ரோமத்தில் தேய்த்து, மின்சாரம் ஏற்றிப் படிகத்தருகே காட்டும். உடனே எல்லா மூலக்கூறுகளும் ஒரே பக்கம் திரும்பும், தாழ் விழும். கட்டியை மறுபுறம் காட்டினால் அத்தனையும் எதிர்ப்பக்கம் திரும்பும், தாழ் விலகும்.

குகையின் பொறுப்பாளர் கரடியார் ஒருநாள் பூதக்கண்ணாடிபோல் ஒரு பனித்துளி வழியாகப் படிகத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதென்ன, சந்தைக்கடையா? ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நெளிகிறதே!"

"நானே சொல்லலாம் என்றுதான் இருந்தேன், ஐயா," என்றது உடும்பு. அது படிகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

தேவாங்கு மெல்ல இழுத்தது. "ஐயா... நெளிய இடம் இருந்தால்தானே அவை திரும்பும்..."

"வாயை மூடு! மூன்று நாளில் எல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். இல்லையென்றால் இந்தக் காட்டில் உனக்கு ஒரு கிளைகூடக் கிடையாது!"

வயிற்றில் குட்டியோடு தேவாங்கு எங்கே போகும்? இறுக்கமான அறைகளோடு புதுப் படிகம் வளர்த்தது. எல்லாத் தலைகளும் பூட்டும் பக்கமே பார்த்து, விறைத்து நின்றன.

"இதுவல்லவா ஒழுங்கு!" கரடியார் தாமே குகைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார். தாழ் கச்சிதமாக விழுந்தது. உடும்பு வாலால் தரையைத் தட்டிப் பாராட்டியது.

"சரி, திற!"

கீரி தேய்த்தது. இந்தப் பக்கம் காட்டியது, அந்தப் பக்கம் காட்டியது. விலாவில் ரோமம் கொட்டியதுதான் மிச்சம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாறை இடுக்கு வழியாகக் குகைக்குள் தண்ணீர் இறங்கியது.

"அடேய், முழங்கால் வரை வந்துவிட்டது! அந்த மூலக்கூறுகள் என்னதான் செய்கின்றன?"

உடும்பைக் காணவில்லை. தேவாங்குதான் கதவருகே போய் மெல்லச் சொன்னது:

"நீங்கள் சொன்னபடியே நிற்கின்றன, ஐயா. ஒன்றுகூட அசையவில்லை."

யானை வந்து கதவைப் பெயர்த்தபோது தண்ணீர் மூக்கைத் தொட்டிருந்தது. கரடியாரும் மிக ஒழுங்காக, அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

நீதி: அசைய இடம் கொடுக்காதவனுக்கு, ஆபத்தில் அசைந்து கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.