மேலக்குப்பத்து நாள்

குணசீலன் சாருக்கு ஐம்பத்தாறு வயது. தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, முப்பத்து நாலு வயது செண்பகவல்லியிடம் புகைப்படம் கற்றுக்கொண்டார். அவர் இவரை டீச்சர் என்பார், இவர் அவரை சார் என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று குழப்பம்தான். எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. நான் அவர்களுக்கு ஃப்ரேம் போடுகிறவன். திட்டு வாங்குவது யார் என்று பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறேன்.

மூன்று வருஷமாக சார் கீழக்குப்பத்தைப் படம் எடுத்தார். ஆறு கடலில் சேரும் கழியின் இந்தக் கரையில் கீழக்குப்பம், எதிர்க்கரையில் மேலக்குப்பம். நடுவில் இருக்கிற தண்ணீர்தான் இரண்டு ஊருக்கும் சோறு. சுற்றிலும் மதில் சுவரும் கிரேனும் வருஷத்துக்கு வருஷம் கிட்டே வந்துகொண்டிருந்தன.

நகரத்தில் நல்ல கேலரி கிடைத்தது. அவருடைய முதல் கண்காட்சி. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திறப்பு. முப்பது படங்களுக்கும் தேக்கில் ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். மனுஷன் ஒவ்வொன்றையும் துண்டால் துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்துவிடுமோ என்று நானே பயந்துபோனேன்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் வந்தார்.

"சார், படங்களை வேன்ல ஏத்துங்க. கீழக்குப்பத்துல ஒரு நாள் மாட்டுவோம்."

"அங்கே எதுக்கு டீச்சர்? உப்புக் காத்து. ஃப்ரேம் என்னத்துக்கு ஆகும்?"

"ஃப்ரேம் போட்டவர் கூட வர்றாரு."

என்னை யாரும் கேட்கவில்லை. நானும் ஏறிக்கொண்டேன்.

மீன் ஏலக்கூடத்தில் வலைக்கயிறு கட்டி மாட்டினோம். ஜனங்கள் வந்தார்கள். தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களிடம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

கடைசியில் இருந்தது பெரிய படம். அழைப்பிதழில் தலைப்போடு அச்சடித்ததும் அதையேதான். விடிந்த நேரம், கண்ணாடி மாதிரித் தண்ணீர், இந்தக் கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகள். ஒரு ஆள் கிடையாது. கீழே ஒட்டிய அட்டையில் தேதியும் தலைப்பும்: 'கைவிடப்பட்ட நீர்'.

அதன் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் தேசம்மா. பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவள். பறி என்றால் பிடித்ததைப் போடுகிற ஓலைப்பெட்டி. சார் எடுத்ததில் நாலு படத்தில் அவள் இருக்கிறாள். ஆனால் அவற்றை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா சார் இது? யாரு கைவுட்டாங்க?"

சார் சமாளிக்கப் பார்த்தார். "அப்படி இல்லம்மா. ஊர் மாறிட்டு வருதில்ல... அந்த வேதனையைச் சொல்றேன்."

"வேதனைய நீ சொல்றியா?"

இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். கழியை மேடாக்கிக் கிடங்கு கட்டப்போகிற கம்பெனிக்காரர்கள் கொடுத்த மனுவின் நகல். பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்டியிருந்ததை அவளுடைய தம்பி ஜெராக்ஸ் போட்டு வந்திருக்கிறான். இங்கே மீன்பிடி நின்றுபோய் நாளாயிற்று என்று அதில் எழுதியிருந்தது. சாட்சியாகப் பின்னால் இணைத்திருந்தது சாருடைய அழைப்பிதழ்.

"வெள்ளிக்கெயம காலீல பத்தரைக்குத் தாலுக்காபீசுல விசாரணை. உன் படத்தக் காட்டித்தான் எங்கள தொரத்தப் போறானுங்க. மூணு வருசம் எங்க வூட்ல டீ குடிச்சியே சார்!"

அந்த ஃப்ரேமை நான்தான் போட்டேன்.

சார் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். ஆனாலும் மனுஷனுக்கு ரோஷம் விடவில்லை.

"நான் பொய்யா எடுக்கல. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நின்னேன். ஒருத்தரும் தண்ணில எறங்கல. இருந்ததைத்தானே எடுத்தேன், டீச்சர்?"

டீச்சர் தேசம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு ஏன் யாரும் எறங்கல?"

தேசம்மா தேதியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கோபம் கொஞ்சம் தணிந்தது.

"கஜபதி அண்ணன் தவறிப்போன நாளு. மேலக்குப்பத்து ஆளு. தண்ணியும் அன்னிக்கு அவங்க முறை."

"முறைன்னா?"

"ஒரு நாள் அவங்க எறங்குவாங்க, ஒரு நாள் நாங்க எறங்குவோம். எங்க தாத்தன் காலத்துலேந்து அப்டித்தான். அன்னிக்கு அவங்களுக்கு சாவு. எறங்கல."

"அப்போ தண்ணி சும்மாத்தானே கெடந்தது?" என்றார் சார். "நீங்க எறங்கியிருக்கலாமே?"

தேசம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பச்சைப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"சாவு வூட்டுக்காரன் முறைய எவனாச்சும் எடுப்பானா சார்? அன்னிக்கு இறால் அப்டி வந்துது, கரையில நின்னாலே காலுல முட்டுது. முந்தின நாளு எங்களுக்கு ஒண்ணுமே மாட்டல, வூட்ல கஞ்சிதான். ஆனா எங்க குப்பத்துல ஒருத்தன் எறங்கணுமே! படகக் கவுத்துப் போட்டுட்டு எல்லாருமா பாலத்தச் சுத்தி நடந்தே மேலக்குப்பத்துக்குத்தான் போனோம்."

ஏலக்கூடத்தில் இருந்தவர்கள் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். தன் படத்தோடு நின்றிருந்தவன்கூட இந்தப் பக்கம் வந்துவிட்டான்.

சார் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தெரியவில்லை அவருக்கு. விறுவிறுவென்று போய் ஃப்ரேமைக் கயிற்றிலிருந்து கழற்றப் போனார்.

"தப்பான படம். இது இருக்கவே கூடாது. நெகட்டிவோட கொளுத்திடறேன்."

டீச்சர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். பிறகு குனிந்து, கீழே ஒட்டியிருந்த அட்டையை நகத்தால் கீறினார். நான் நல்ல பசை போட்டிருந்தேன், லேசில் வரவில்லை. தலைப்பைப் பொறுமையாகத் துண்டு துண்டாக உரித்து எடுத்தார். தேதியை மட்டும் விட்டுவிட்டார். உரித்த துண்டுகளைச் சுருட்டி சாருடைய சட்டைப்பையில் போட்டார்.

"இது மட்டும் உங்களோடது, சார்."

சார் என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை வேன் கிடைக்குமா?"

"கேலரிக்குத்தானே சார்? ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன்."

"தாலுகா ஆபீசுக்கு. இந்த ஒரு படம் மட்டும்."

"பதினொரு மணிக்குத் திறப்பு விழா, சார்," என்றேன் நான். முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் புகுவது என் பிறவிக் குணம். "வி.ஐ.பி. எல்லாம் வர்றாங்க. நீங்க இல்லாம எப்படி?"

"வரட்டும். மிச்சம் இருபத்தொம்பது படம் அங்கே இருக்கு, பாத்துட்டுப் போகட்டும். நான் இவங்களோடதான் நிப்பேன்."

அவ்வளவு உறுதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. லென்ஸ் மாற்றுவதற்கே நாலு பேரைக் கேட்கிற மனுஷன்.

தேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நெசமா வருவியா சார்?"

"வர்றேம்மா. அந்த அழைப்பிதழை அச்சடிச்சவன் நான்தான்னு சொல்லுவேன். அதுல எழுதினது தப்புன்னும் சொல்லுவேன்."

"அப்ப மேலக்குப்பத்துக்கும் சொல்லி அனுப்பறேன். கஜபதி அண்ணன் சம்சாரம் வருவாங்க."

வெளியே வந்து வேனில் படங்களை ஏற்றினோம். பெரிய படத்தை மட்டும் சார் யாரிடமும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி கிளம்பப் போகும்போது அவருக்கு மறுபடி ஒரு கலக்கம்.

"டீச்சர், அந்த அதிகாரி இதைக் கையில வாங்கிப் பாப்பாரு. ஒருத்தர்கூட இல்லையேய்யா இதுலேன்னுதான் முதல்ல கேப்பாரு. என்ன சொல்றது?"

டீச்சர் ஜன்னல் வழியாக, வெளியே நின்ற தேசம்மாவை எட்டிப் பார்த்தார்.

"தேசம்மா, ரெண்டு குப்பத்துலயும் சேத்து எத்தனை வீடு?"

"எரநூத்தி நாப்பது."

டீச்சர் சார் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு எறங்காம இருந்த அத்தனை வீடும் இதுல இருக்குன்னு சொல்லுங்க, சார்."