ஓட்டுக் கேட்காத கை

பிரச்சாரக் கூட்டத்தில் திடீரென்று நாக்குக் குழறிய வேட்பாளர் குமாரவேலனாரை, ஆட்கள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார்கள்.

"வெயில்ல பேசின களைப்புதான். யாரும் என்னைத் தொடக் கூடாது, உடனே அனுப்பு. இல்லேன்னா உன்னை மலைக்காட்டு ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவேன்" என்று நர்ஸ் பொற்கொடியை அதட்டினார்.

பக்கவாதமாக இருந்தால் ஒரு நிமிஷத்தையும் வீணாக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"தொடலைங்கய்யா. எங்க வீட்டுல ஆறு ஓட்டு இருக்கு. நல்லா சிரிச்சு, ரெண்டு கையையும் தூக்கி ஓட்டுக் கேட்டுட்டுப் போங்க."

ஓட்டு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஆனால் பாதிதான் மலர்ந்தது. வலது கை உயர்ந்து நின்றது. இடது கை தானாகச் சரிந்தது.

"ஐயா, உங்க இடது கை என்கிட்ட ஓட்டுக் கேட்க மாட்டேங்குதே!"

சரிந்த கையைப் பார்த்ததும் அவரே ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டார். பொற்கொடி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மூளையில் அடைப்பு என்று ஸ்கேன் காட்டியது. அதைக் கரைக்கும் ஊசி நேரத்தோடு ஏறியது.

தன் காலாலேயே நடந்து வெளியே வந்த நாளில், தன்னை வாழ்த்திக் கோஷம் போட்ட கூட்டத்தை அவர் கையமர்த்தினார்.

"முதல்ல அந்தம்மா பேரைச் சொல்லுங்கடா!"

"பொற்கொடி வாழ்க!" என்று மருத்துவமனையே அதிர்ந்தது.

"நோயாளிங்க தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க" என்று அதட்டிவிட்டு, அவள் தலை நிமிர்ந்து அடுத்த கட்டிலுக்குப் போனாள்.