கடலுக்குப் போன மேடை

கொடைவாரி வர்மன்னு ஒரு ராஜா. கேட்டாக் குடுப்பாரு. குடுத்தது போய்ச் சேர்ந்துச்சான்னு மட்டும் கேக்கவே மாட்டாரு.

கடலுக்கு அந்தாண்ட ஒரு தீவு. அங்க வருஷா வருஷம் சர்வதேச விண்வெளி மாநாடு. பல நாட்டு ஆளுங்க கூடி, நிலா ஏன் தேயுது, வால்நட்சத்திரம் எங்க போவுதுன்னு சண்டை போடுவாங்க. நம்ம பல்கலைக்கழகப் புள்ளைங்களும் போய்ச் சண்டை போட்டுட்டு வரட்டும்னு ராஜா பயண உதவித்தொகை அறிவிச்சாரு. நல்ல மனுஷன்.

ஆனா இதுவரைக்கும் ஒரு புள்ளையும் போனதில்ல.

உதவித்தொகை குடுத்தா, பாராட்டி வழியனுப்பணும்ல? அதுக்குக் கப்பல் கெளம்புற அன்னிக்கே துறைமுகத்துல ஒரு விழா. நடத்துறவரு அமைச்சர் சொல்லின்கடலார். அவரு கண்ணை மூடிப் பேச ஆரம்பிச்சா, கேக்குறவங்களும் கண்ணை மூடிருவாங்க. ஒருதரம் மேடையில இருந்தவங்க அத்தனை பேரும் நைசா நழுவிட்டாங்க. மனுஷனுக்குக் கோவம். உடனே ஒரு சட்டம் போட்டாரு: ராஜா புகழைப் பேசி முடிக்கிறவரைக்கும் யாரும் மேடையை விட்டு எறங்கக் கூடாது. எறங்குனா தலை போயிரும்.

தீவுக்கு வருஷத்துல ஒரே கப்பல். மேலக்காத்து வந்ததும் பாயை விரிச்சுக் கெளம்பிரும். மாணவன் சால்வைக்குள்ள புழுங்கிக்கிட்டு, கப்பல் கடுகாட்டம் சிறுத்துப் போறதைப் பாத்துக்கிட்டு மேடையில நிப்பான். போன வருஷம் தேர்வானவன் இப்ப சால்வைக்கடை வச்சிருக்கான். நல்லா ஓடுதாம்.

இந்த வருஷம் தேர்வானவ செண்பகவல்லி. வாய் கொஞ்சம் நீளம். வால்நட்சத்திரத்தோட வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நிக்குதுன்னு பாத்துப் பாத்துக் கண்டுபிடிச்சவ. இந்த மாநாட்டுல போய்ச் சொல்லலைன்னா, அடுத்த வருஷத்துக்குள்ள வேற எவனாவது சொல்லிட்டுப் போயிருவான். நேரா அமைச்சர்கிட்ட போனா.

"ஐயா, விழாவை முந்தின நாளே வச்சிருங்களேன்."

"முந்தின நாள் அஷ்டமிம்மா."

"அப்ப சுருக்கமாப் பேசுங்க. ராஜா புகழை முடிச்சுட்டு என்னை விடுங்க."

"ராஜா புகழுக்கு முடிவு ஏதும்மா?"

"ஐயா, மாநாட்டுக்கு நான் போகணுமா, வேணாமா?"

"நீ போறது முக்கியமில்ல. நாங்க அனுப்புனோம்ங்கறதுதான் முக்கியம்."

"ஆளே போகாம எப்படிங்கய்யா அனுப்புனதாகும்?"

"போகப் போகப் பழகிரும். சால்வை என்ன கலர் வேணும்?"

பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டு வெளிய வந்தா. வாசல்ல உத்தண்டி நின்னாரு. ராஜா பக்கத்துலயே உக்காந்து வெத்தலை மெல்லுற அரசவைக் குசும்பரு.

"என்ன தங்கச்சி, காதுல பொகை வருது?"

எல்லாத்தையும் கொட்டித் தீத்தா.

"வால் சூரியன் பக்கம் திரும்பவே திரும்பாதா?"

"திரும்பாதுண்ணே."

"நம்ம சபையில எல்லா வாலும் ராஜா பக்கம்தான் ஆடும். வெளிநாட்டுல போய்ச் சொல்லி மானத்தை வாங்கிராத."

"எனக்குக் கப்பல் போயிரும்ணே. உங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

"கப்பல் போகட்டும். மேடையை நான் போடுறேன்."

உத்தண்டி அமைச்சர்கிட்ட போனாரு. "ஐயா, இந்தத் தடவை நீங்க பேசுறது ஊருக்கே தெரியணும். துறைமுகத்துலயே உசரமான எடம் கப்பலோட மேல்தளம். அங்கயே மேடை போட்டுரட்டுமா?"

அமைச்சருக்கு வாயெல்லாம் பல்லு. "கப்பல் பாதியில கெளம்பிராதே?"

"நீங்க பேசும்போது எவனுக்குங்க கெளம்ப மனசு வரும்?"

விழா நாள். கப்பல் மேல வாழைமரம், தோரணம், மேடை. மேடையில செண்பகவல்லி, அமைச்சர், வரவேற்புரைக்கு அமைச்சரோட மச்சினன். கரையில குடைக்குக் கீழ ராஜா, பக்கத்துல உத்தண்டி.

அமைச்சர் கண்ணை மூடுனாரு. "கொடைக்கே கொடை குடுத்த கோமானே..."

மேலக்காத்து வந்துச்சு. காத்து வந்தா கெளம்பு, மேடையைப் பத்திக் கவலைப்படாதேன்னு உத்தண்டி மாலுமிகிட்ட ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தாரு. அவிழ்த்து விட்டான் கயித்தை.

மேடை தன்னால நகர்றதைப் பாத்து சனம் கைதட்டுச்சு. தனக்குத்தான்னு நெனச்சு அமைச்சர் குரலை ஏத்துனாரு. மச்சினன் முழிச்சுப் பாத்தான். சுத்தியும் கடல்.

"மாமா, தண்ணி."

"பேச்சு முடியட்டும், குடிக்கிறேன்."

"மாமா, கண்ணைத் தொறங்க."

தொறந்தாரு. கரை ஒரு கோடாத் தெரிஞ்சுது. "படகை எறக்குங்கடா, நான் எறங்கணும்"னு மேடை ஓரத்துக்கு ஓடுனாரு.

"நில்லுங்கய்யா," செண்பகவல்லி சால்வையைச் சரிபண்ணிக்கிட்டா. "எறங்குனா தலை போயிரும்ல? ராஜா புகழை முடிச்சுட்டு எறங்குங்க. அதுக்கு முடிவு ஏதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இங்க கரையில ராஜா முழிக்கிறாரு. "யோவ் உத்தண்டி, என் அமைச்சர் எங்கய்யா போறாரு?"

"மாநாட்டுக்கு, ராஜா."

"யாரு போகச் சொன்னா?"

"அவரு எங்க போறாரு? அவரு போட்ட சட்டப்படி மேடையை விட்டு எறங்காம நிக்கிறாரு. மேடைதான் போவுது."

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் மூக்குக்கு எறங்கிருச்சு. "அந்தப் பொண்ணு?"

"அவளும் எறங்கலை. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட புள்ள."

காத்து திரும்புனதும் செண்பகவல்லி வந்து சேர்ந்தா. நேரா சபைக்குக் கூப்புட்டாங்க.

"பேசுனியாம்மா?"

"பேசிட்டேன், ராஜா. பதினாலு பேரு சண்டைக்கு வந்தாங்க. ஒருத்தரையும் விடலை."

"சபாஷ். அமைச்சர் எங்க?"

"மாநாட்டுல நன்றியுரை சொல்றேன்னு எந்திரிச்சாருங்க. நான் கெளம்பி வந்துட்டேன்."

ராஜாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. "நம்ம உத்தண்டிக்குப் பெருசா ஒரு பாராட்டு விழா எடுக்கணும்யா. யார் யாரு பேசுறீங்க?"

சபையில இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்குனாங்க.

உத்தண்டி வெத்தலையை ஒரு கன்னத்துல ஒதுக்குனாரு. "தாராளமா எடுங்க, ராஜா. மேடையை மட்டும் நான் போட்டுக்கிறேன்."

தூக்குன கை அத்தனையும் எறங்கிருச்சு.