மாட்டுக்கொட்டகைப் புறா

பொன்னாங்குறிச்சி அரண்மனையில் அநியாயம் நடந்தது புறாக்காரி இருளாயிக்கு. சொன்னதைச் சொன்னபடி செய்தாள், அதற்குச் சிறை! அது மட்டுமா? அவள் வளர்த்த புறாக்களை எல்லாம் மறுநாள் விருந்துக்குக் குழம்பு வைக்கவும் உத்தரவாயிற்று.

அரசர் முத்துவிசயரின் சபையில் விகடம் பேசிச் சிரிக்க வைப்பது வடிவுடையாளின் வேலை. செய்தி கேட்ட அன்று அவளுக்கே சிரிப்பு வரவில்லை. சோறும் இறங்கவில்லை. தப்பு யாருடையது, குழம்பாவது யார்?

நடந்தது இதுதான். எதிரி வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று பிரதானி வல்லபராயர் ஒரு போர்க்கட்டளை எழுதி, கல்லில் வெட்டி, கோட்டை வாசலில் நட்டிருந்தார். முரசு அடி. கதவைச் சாத்து. அம்பு மழையில் பிரதானி மேல்மாடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். (எழுதியவர் அவர், வேறு யாரை நிற்க வைப்பார்?) கடைசியாக, கீழைமலைப் புறாவின் காலில் சிவப்பு நூல் கட்டிப் பறக்கவிடு. கீழைமலை அரசர் மகாராணியின் அண்ணன். சிவப்பு நூலைக் கண்டால் படையோடு ஓடி வந்துவிடுவார்.

கட்டளை சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒருநாள் ஒத்திகை வைத்தார்கள். இருளாயி அப்போதே கெஞ்சினாள்.

"சாமி, புறாவுக்கு ஒத்திகை எது, போர் எதுன்னு தெரியுமா? அவிழ்த்து விட்டா பொறந்த கூட்டுக்குத்தான் போகும். ஒத்திகைக்குன்னே ஒண்ணை நம்ம மாட்டுக்கொட்டகையில பொரிக்க வெச்சு வளர்த்திருக்கேன். அதை விடட்டுமா?"

"கல்லில் கீழைமலைப் புறா என்று இருக்கிறதா, மாட்டுக்கொட்டகைப் புறா என்று இருக்கிறதா?" என்று பிரதானி உறுமினார். "போருக்கு ஒன்று, ஒத்திகைக்கு ஒன்றா? ஓர் எழுத்து மாறக் கூடாது!"

மாறவில்லை. புறா பறந்தது. மச்சான் வந்தார். யானையும் குதிரையும் ஈட்டியுமாக வந்து, "எங்கே மாப்பிள்ளை எதிரி?" என்றார்.

"எதிரி இல்லை மச்சான். சும்மா ஒத்திகை."

"அதனால் என்ன? வந்தது வந்துவிட்டோம், சாப்பிட்டுவிட்டே போகிறோம்."

பெண் கொடுத்த வீட்டாரைப் போ என்று சொல்ல முடியுமா? படை பந்தியில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். ஊரில் கத்தரிக்காய் தீர்ந்தது. போர் யானைகள் அரண்மனை வாழைத்தோப்பை வேரோடு முடித்தன. கறிக்கு இனி ஒன்றுமில்லை என்று சமையல்காரர் கையை விரித்தபோதுதான், "எல்லாம் அந்தப் புறாக்காரியால் வந்தது! புறாவையே போடு அடுப்பில்!" என்றார் பிரதானி.

வடிவு நேரே சபைக்குப் போனாள்.

"மகாராஜா, எழுத்து மாறக் கூடாது என்றது இருளாயியா, பிரதானியாரா?"

அரசருக்கு ஏற்கெனவே தலைவலி. "எனக்கு வழக்கு வேண்டாம், வடிவு. நாளைக் காலை இன்னொரு ஒத்திகை நடத்து. கட்டளையில் ஓர் எழுத்து மாறக் கூடாது. புறாவும் பறக்க வேண்டும். ஆனால் வெளியூரிலிருந்து ஓர் ஈ கூட உள்ளே வரக் கூடாது! செய்து காட்டினால் புறாக்காரியை விடுகிறேன். இல்லாவிட்டால் குழம்புதான்."

பிரதானி மீசைக்குள் சிரித்தார். வடிவு, "ஆகட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் முரசு அடித்தது. கதவைச் சாத்தினார்கள். பிரதானி பட்டுத் தலைப்பாகையோடு மேல்மாடத்தில் ஏறி நின்றார். பக்கத்தில் மல்லிகைக் கூடையோடு இரண்டு பெண்கள்.

"பூ எதற்கு?" என்று கீழிருந்து கேட்டாள் வடிவு.

"போன ஒத்திகையிலும் பூதானே தூவினார்கள்? அம்பு மழைக்குப் பதில் பூமழை!"

"கல்லில் பூ என்றா இருக்கிறது? கூடையை எடுங்கள், அக்கா!"

பிறகு அவள் பந்தியைப் பார்த்துக் கையைத் தட்டினாள். கீழைமலை வில்லாளிகள் ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்தார்கள். இத்தனை நாள் தின்றதற்கு இன்றைக்காவது ஒரு வேலை கிடைத்ததே என்று அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. வரிசையாக நின்று நாணை இழுத்தார்கள்.

"தைரியமாக நில்லுங்கள், பிரதானியாரே!" என்று கத்தினார் மச்சான். "எங்கள் ஆட்கள் குறி தப்பவே மாட்டார்கள்!"

"ஐயோ! விடாதே! முனையைக் கழற்று! துணியைச் சுற்று!"

"கட்டளையில் அப்படி இல்லையே?" என்றாள் வடிவு.

"கட்டளை கிடக்கட்டும்! போருக்கு ஓர் அம்பு, ஒத்திகைக்கு ஓர் அம்பு வேண்டாமா? இதுகூடத் தெரியாதா, முட்டாள் பெண்ணே?"

"தெரியும், பிரதானியாரே. உங்கள் வாயால் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். உங்கள் உடம்புக்கு ஒத்திகை அம்பு உண்டு. இருளாயிக்கு மட்டும் ஒத்திகைப் புறா கிடையாதோ?"

அரசர் சிரித்த சிரிப்பில் தலைவலி போய்விட்டது. இருளாயி வந்தாள். மாட்டுக்கொட்டகைப் புறாவின் காலில் சிவப்பு நூல் கட்டிப் பறக்கவிட்டாள். அது அரண்மனையை ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டகையில் போய் இறங்கியது. சற்று நேரத்தில் மாட்டுக்காரன் கோலும் கையுமாக, பசு, கன்று, பொலிகாளை அத்தனையையும் ஓட்டிக்கொண்டு, "எங்கே எதிரி?" என்று மூச்சிரைக்க வந்து நின்றான்.

ஒத்திகை வெற்றி! கல்லில் அம்பு, புறா என்ற இரண்டு இடங்களையும் குழியாகக் குடைந்தார்கள். போருக்கு 'அம்பு', 'கீழைமலைப் புறா' என்று ஒரு ஜோடிப் பலகை, ஒத்திகைக்கு 'துணி சுற்றிய அம்பு', 'மாட்டுக்கொட்டகைப் புறா' என்று ஒரு ஜோடிப் பலகை. அன்றைக்குப் போரா ஒத்திகையா என்று பார்த்துக் குழியில் பொருத்த வேண்டியதுதான். மற்ற எழுத்தெல்லாம் அப்படியே. வடிவுக்கு முத்துமாலை, இருளாயிக்குப் புதுப் புறாக்கூடு.

பிரதானிக்குப் பொறுக்குமா? "அரசே, போர் நாளில் ஒத்திகைப் பலகை இருந்துவிட்டால்? ஒத்திகை நாளில் போர்ப் பலகை இருந்துவிட்டால்? மறக்காமல் மாற்றுவது யார்?"

"நியாயமான கேள்வி" என்றார் அரசர். "யாரை நம்பி விடுவது, வடிவு?"

"பிரதானியாரைத்தான், மகாராஜா. முதலாவது நடந்தால் உதவிக்கு மாடுதான் வரும். இரண்டாவது நடந்தால் நிஜ அம்பு வரும். எது வந்தாலும் மாடத்தில் நிற்கப் போகிறவர் அவர். அவரா மறப்பார்?"