பர்லியாற்றில் கொதிக்கும் கார்

"எந்தப் பாகத்தை வாங்கிப் போட்டா என் கார் கொதிக்காது, மாஸ்டர்?"

கேட்டவர் ஓய்வுபெற்ற தாசில்தார் கோதண்டபாணி. கேட்கப்பட்டவர் மேட்டுப்பாளையத்தில் ரேடியேட்டர் பட்டறை நடத்தும் பிலோமினா. கோதண்டபாணியைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் கார் வேலை கற்றுக்கொள்ள வந்த நாள் முதல் அவர் பிலோமினாவை மாஸ்டர் என்றே அழைத்தார்.

குன்னூர் மலை ஏறும்போதெல்லாம் கோதண்டபாணியின் அறுபது வயதுக் கார், வழியிலுள்ள பர்லியாறு என்ற ஊரில் கொதித்து நின்றது. இக்கதையைச் சமவெளியில் சொல்வோர் ஏழு முறை என்பர். மலையில் சொல்வோர் பதினொன்று என்பர். பர்லியாறு என்பதில் மட்டும் இரு சாராருக்கும் வேறுபாடில்லை.

கடைசியாக நின்றபோது அவர் மனைவி வைதேகி ஒரு முடிவு சொன்னார்: வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை ஏறிப் பார்ப்போம்; அன்றும் நின்றால் காரை விற்றுவிட வேண்டும். கோதண்டபாணி வாக்குக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொள்ள ஆளும் தயாராக இருந்தார்.

கோதண்டபாணி முதலில் ஒரு புது ரேடியேட்டரை வாங்கி, பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து காட்டினார்.

"நல்ல சாமான்தான் சார்," என்றார் பிலோமினா. "வண்டி எங்கே?"

"ஷெட்ல."

அடுத்து ஆறு இறக்கை விசிறி வந்தது. பிறகு ரேடியேட்டர் மூடி. ஒவ்வொன்றுக்கும் அதே பதில், அதே கேள்வி.

வாங்குவதற்கு இனி ஒரு பாகமும் மிச்சமில்லாததால், சனிக்கிழமை காலை காரையே ஓட்டி வந்தார்.

"கொதிச்சா என்ன செய்வீங்க சார்?"

"எஞ்சினை நிறுத்திட்டு, பானெட்டைத் திறந்து ஒவ்வொண்ணாப் பார்ப்பேன். எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

விசிறியில் சிக்கிவிடும் என்று, பிலோமினா அவர் தோளில் கிடந்த துண்டை உருவித் தள்ளி வைத்தார். ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸைத் துணியால் பிடித்துக்கொள்ளச் சொன்னார். எஞ்சினைக் கிளப்பி, சூடேறும் வரை காத்திருந்து, ஆக்சிலேட்டரை மிதித்தார்.

எஞ்சின் பம்பு தண்ணீரை இழுத்த வேகத்தில், கோதண்டபாணியின் கைக்குள் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லை.

பிலோமினா காலை எடுத்தார். ஒன்றும் அறியாததுபோல் ஹோஸ் மீண்டும் உருண்டையானது.

இன்னும் மூன்று முறை மிதிக்கச் சொன்னார் கோதண்டபாணி. மூன்று முறையும் அப்படியே.

"பழைய ஹோஸுக்குள்ள, அது இப்படி ஒட்டிக்காம இருக்க ஒரு கம்பிச்சுருள் இருந்திருக்குமே சார்?"

"இருந்தது மாஸ்டர். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே ஹோஸை நானே மாத்திட்டேன். துருப்பிடிச்ச குப்பைன்னு சுருளைத் தூக்கி எறிஞ்சுட்டேன்."

பிலோமினா சிரிக்கவில்லை.

"தாசில்தாரா இருந்தப்பவும் இடத்தைப் போய்ப் பார்க்காமத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

பிறகு புதுச் சுருள் ஒன்றை உள்ளே நுழைத்து ஹோஸை மாட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. பர்லியாற்று வளைவில் சூடுகாட்டும் முள் பாதியிலேயே நின்றது. ஆனாலும் காரின் வேகம் குறைந்தது.

"சூடாயிருச்சா?" என்றார் வைதேகி.

"இல்ல. நிறுத்தி, பானெட்டைத் திறந்து ஒரு தரம் பார்த்துடலாம்னு..."

"எதைப் பார்க்கப் போறீங்க?"

கோதண்டபாணி பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.